வெள்ளைக் கழுகுகள் வரவில்லை

சிகாகோ
9 பிப்ரவரி 1988

இயேசுவின் திருப்பெயர் போற்றப்படுக.

அண்ணிக்கு பிரோனியா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். இடது முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் கண் ஆபரேஷன் எப்படி ஆயிற்று, சர்க்கரை குறைந்ததா, மகள் இரேனா சௌக்கியமா என்று எழுதுங்கள். இங்கே ஜன்னல் மட்டத்துக்குப் பனி. டூசானில் நீங்கள் எலுமிச்சை பறித்துக்கொண்டிருப்பீர்கள். பறியுங்கள்.

ஞாயிறு பூசை முடிந்து ஹேல்டன் பூங்கா மண்டபத்துக்குப் போனேன். இந்த நகரம் நூறு வருஷமாக என்னென்ன விளையாடியது, எப்படியெல்லாம் பொழுது போக்கியது என்று கண்காட்சி வைத்திருக்கிறார்கள். ஏரிக்கரைக் குளியல், குத்துச்சண்டை, பனிச்சறுக்கு எல்லாம் படம் படமாக மாட்டியிருக்கிறது. நம் சறுக்குக் குளத்துப் படத்தின் கீழே 1931 என்று போட்டிருந்தார்கள். அங்கே நின்ற அலுவலகப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இது முப்பத்தி நாலு, கண்ணு."

"எப்படிச் சொல்றீங்க?"

"பின்னால ரொட்டிக்கடை தெரியுதா? கூரை இருக்கா? இல்லல்ல. முப்பத்தி நாலு ஜனவரியிலதான் அது எரிஞ்சுது. மாத்து."

மாற்றினாள். நல்ல பெண்தான்.

கடைசிச் சுவரில் நம் ஆட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் நம் பந்து, பதினாறு அங்குலச் சுற்றளவு, சின்னப் பூசணி மாதிரி. 'சாஃப்ட்பால் பந்தைக் கையுறை இல்லாமல் வெறுங்கையால் பிடிப்பது இந்நகரத்துக்கே உரிய வழக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். யார் யார் விரல் உடைந்தது என்று எழுதவில்லை. என் மோதிர விரலைக் கண்ணாடிமேல் வைத்து அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன்; பயந்துவிட்டாள்.

பந்துக்குப் பக்கத்தில் பூங்காவின் பழைய ஆட்டப் பதிவேடு. நிலவறையைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். திறந்து வைத்திருந்த பக்கம் 22 ஆகஸ்ட் 1946, வியாழக்கிழமை. பெண்கள் இறுதி ஆட்டம். என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி, ஆனால் அந்த வரியை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். 'வெள்ளைக் கழுகுகள் வரவில்லை. மிட்டாய்த் தொழிற்சாலை அணி வென்றது.'

அதன் கீழே நம் அணி மேனேஜரின் கையெழுத்து. என் அண்ணன் தியோஃபிலின் கையெழுத்து. அவன் பெயரின் முதலெழுத்துக்குத் தொப்பி போடுவது போல ஒரு கோடு இழுப்பானே, அதேதான்.

நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் சந்தோஷமாக இன்னொன்றையும் சொன்னாள். ஜூன் பதினொன்றாம் தேதி மைதானத்துக்கே அவன் பெயரை வைக்கப் போகிறார்களாம். பலகையில் 'பெண்கள் பந்தாட்டத்தின் தந்தை' என்று இருக்குமாம். நீங்கள்தான் எழுதிக் கேட்டீர்களாம்.

அண்ணி, அந்தக் கையெழுத்து உங்களுக்குத் தெரியுமா? தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

தேவமாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

பிரோனியா


டூசான்
27 பிப்ரவரி 1988

என்றென்றும் போற்றப்படுக.

என் அன்பு பிரோனியா, உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. தெரியாமல் இருந்தபோது வீடு சுத்தமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை ஏறி இறங்குகிறது. இரேனா பள்ளிக்கூட வேலையில் மூழ்கிக் கிடக்கிறாள். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு.

மைதானத்துக்குப் பெயர் வைப்பது பற்றி நானே எழுத நினைத்திருந்தேன். இரேனாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்பா போன இரண்டு வருஷத்தில் அவள் சிரித்ததே இந்தச் செய்திக்குத்தான். விழாவில் தங்கையாக நீ இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். நீலச் சட்டை போட்டுக்கொள், உனக்கு எடுக்கும்.

அந்தப் பதிவேட்டைப் பற்றி என்ன சொல்ல? பழைய காகிதம். மேனேஜர் என்றால் தினம் நூறு காகிதத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அவர் படித்துப் பார்த்தா போட்டிருப்பார்?

எலுமிச்சை இந்த முறை அமோகம். ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

முத்தங்களுடன்,
அதேலா


சிகாகோ
4 மார்ச் 1988

இயேசுவின் திருப்பெயர் போற்றப்படுக.

அண்ணி, நலம். எலுமிச்சை வந்தது, நன்றி. ஒன்று அழுகியிருந்தது.

தெரியும், தெரியாது என்று இரண்டு வார்த்தை கொடுத்தேன். நீங்கள் மூன்றாவதாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அன்று நீங்கள் வரவில்லை, அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன். பிறகு யோசித்துப் பதில் போடுங்கள்.

அன்று பன்றி இறைச்சிக் கூடத்தில் நாலரைக்கு வேலை முடிந்தது. கையில் உப்பு வாடை போகாமலே சட்டை மாற்றினோம். என் அம்மா சிவப்பு நூலில் கழுகு தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. ஐந்தரை மணி ஆட்டத்துக்கு ஐந்தேகாலுக்கே மைதானம். ஒன்பது பேர். பந்தை அடித்துவிட்டு ஓடுபவர்கள் சுற்றி வரும் நாலு மூலையில் முதல் மூலை என் காவல். லூசியா, சபினா, எல்லோர் பெயரும் இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். பத்தாவது ஆள் நீங்கள், பந்து போடுபவர். உங்களுக்குக் காய்ச்சல் என்று தியோஃபில் காலையில் சொல்லியிருந்தான். சபினாவின் தங்கையை உங்கள் இடத்தில் நிறுத்தலாம் என்று கூட்டி வந்திருந்தோம்.

மைதானத்தில் ஆண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். போரிலிருந்து திரும்பி வந்து மதுக்கடைக்காரன் செலவில் சேர்ந்த அணி. எதிரணிப் பெண்கள் ஒருத்தியையும் காணோம். பூங்கா மேற்பார்வையாளர் கிராண்டல் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"உங்க அணி வரலைன்னு எழுதியாச்சு" என்றார்.

"இதோ முன்னால நிக்கிறோமே, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று நான் கேட்டேன்.

"எழுதினது எழுதினதுதான். போம்மா, பசங்க ஆடணும்."

அப்போது தியோஃபில் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். கிராண்டலின் சட்டையைப் பிடித்தான். 'என் பொண்ணுங்கள ஏமாத்திட்டியேடா' என்று பூங்காவே அதிரக் கத்தினான். நாங்கள் அவனைப் பிடித்து இழுத்துச் சமாதானப்படுத்தினோம். நான் அவன் கண்ணைத் துடைத்துவிட்டேன், அண்ணி. என் சட்டைக் கையால்.

அடுத்த வருஷம் பெண்களுக்கு வியாழக்கிழமை மைதானம் கிடையாது என்றார்கள். கேட்கப் போனால், 'இறுதி ஆட்டத்துக்கே வராதவங்களுக்கு மைதானம் எதுக்கு?' அந்த ஒற்றை வரியைக் காட்டி எங்களை முடித்தார்கள். அதன் பிறகு அந்த மைதானத்தில் பெண்கள் ஆட்டம் நடந்ததே இல்லை.

நாற்பத்திரண்டு வருஷம் கிராண்டலை வெறுத்தேன். அவர் சாவுக்குப் போகவில்லை. அவர் மகள் ரொட்டிக்கடையில் முன்னால் நின்றால் அடுத்த கடைக்குப் போனேன். இப்போது பார்த்தால் அவ்வளவு கோபத்தையும் தப்பான விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் பீட்ரூட் சூப் எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தேனே, நினைவிருக்கிறதா? தோளைத் தொட்டேன். கொதித்தது. பாவம் என்று நினைத்தேன்.

அவன் கையெழுத்துப் போட்டது உங்களுக்குத் தெரியுமா?

கடவுள் உங்களுக்கு நல்ல ஞாபகத்தைத் தரட்டும்.

பிரோனியா


டூசான்
30 மார்ச் 1988

என் அன்பு பிரோனியா,

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். இரேனா முட்டைகளுக்கு வண்ணம் பூசுகிறாள். இங்கே வெயில் வந்துவிட்டது. என் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படும்படி ஒன்றுமில்லை.

இறந்தவர்களைப் பற்றி நாம் நல்லதையே நினைப்போம். அவர் கால் காரணமாக ராணுவம் அவரைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து எத்தனை பேச்சுக் கேட்டார் என்று உனக்கே தெரியும். பெண்பிள்ளைகளை மேய்க்கிறவன் என்று மதுக்கடையில் சிரிப்பார்களே.

அந்த சூப்பைப் பற்றி ஏன் எழுதினாய்?

உன் அதேலா


சிகாகோ
11 ஏப்ரல் 1988

இயேசு உயிர்த்தெழுந்தார், அண்ணி. நலம். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறையுங்கள்.

நீங்கள் பதில் சொல்லாததால் சொல்லக்கூடியவர்களைத் தேடினேன். மிட்டாய்த் தொழிற்சாலை அணியின் பந்து போடுபவள் மே டூலி, அந்த ஐரிஷ்காரி, உயிரோடுதான் இருக்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்தாள்.

"முதல் மூலைக்காரி! என் காலை மிதிச்சவ!"

"நான் மிதிக்கல. நீ கால நீட்டின."

"நாப்பத்தஞ்சுல."

"நாப்பத்தி நாலுல. ஜூலைல. ரெண்டாவது சுத்து."

"உள்ள வாடி சனியனே" என்றாள். தேநீர் போட்டாள். நல்ல திடமான தேநீர்.

ஆடாமல் ஜெயித்த அந்தக் கோப்பை அவள் சமையலறையில் இருக்கிறது. துணி காயப்போடும் கவ்விகளை அதில் போட்டு வைத்திருக்கிறாள். "வேற எதுக்கு ஆகும்? ஒரு பந்து போடல, ஒரு ஓட்டம் எடுக்கல. அதத் தேச்சுப் பளபளன்னு வைக்க எனக்கு வெக்கமா இருக்காதா?" என்றாள்.

"அன்னிக்கு நீங்க ஏன் வரல?" என்று கேட்டேன்.

"உங்க மேனேஜர் முந்தின நாளே எங்க ஃபாக்டரி வாசலுக்கு வந்துட்டானே. அதான், அந்த நொண்டி. 'என் பொண்ணுங்க வரமாட்டாங்க, கப்பு உங்களுக்குத்தான், நீங்க சிரமப்படாதீங்க'ன்னான். நாங்க மூணு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் ஏரிக்குக் குளிக்கப் போயிட்டோம்."

கையெழுத்துக் கதை முடிந்தது என்று எழுந்தேன். அவள் விடவில்லை.

"ஏன், உங்க பந்து போடறவளும் அங்கதான இருந்தா. எனக்கு எப்படி மறக்கும்? பச்சை நீச்சல் உடை. அந்த வருஷம் கடைகள்ல அந்தப் பச்சைக்காக நான் எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா? தனியா உக்காந்திருந்தா. கையில ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் வழியுது, துடைக்கக்கூட இல்ல, தண்ணியவே பாத்துக்கிட்டு இருக்கா. நான் கையாட்டினேன். திரும்பிக்கிட்டா."

"அவளுக்கு அன்னிக்குக் காய்ச்சல்" என்றேன்.

மே டூலி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். 

அண்ணி, கையெழுத்தை விடுங்கள். வேறொன்று கேட்கிறேன். உங்களிடம் பச்சையில் நீச்சல் உடை இருந்ததா?

பிரோனியா


சிகாகோ
2 மே 1988

அண்ணி,

மூன்று வாரம் ஆயிற்று. தபால்காரரை இரண்டு தடவை திட்டிவிட்டேன். அவர் மேல் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

பிரோனியா


டூசான்
10 மே 1988

பிரோனியா,

இருந்தது.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு நாலு நாள் மேஜைமேல் போட்டு வைத்திருந்தேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் தியோஃபில் என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். ஆண்கள் அணிக்கு அவரை மேனேஜராகப் போடுவதாக மதுக்கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது பெண்களின் வியாழக்கிழமை மாலை நேரத்தை. "அவனுங்க எல்லாம் போருக்குப் போயிட்டு வந்தவங்க, அதேலா. முதல் தடவையா என்னையும் தங்கள்ல ஒருத்தனா கூப்பிடுறானுங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு சொன்னார்: "நீ போகாம இருந்தா ஒம்பது பேர்தான் இருப்பாங்க. பத்துப் பேர் இல்லாத அணி வந்ததாக் கணக்கில்ல. நான் எழுதறது பொய்யாகாது."

சபினாவின் தங்கையை நீங்கள் கூட்டி வருவீர்கள் என்று அவர் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

நான் போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். உன் வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடி வந்து சொல்லியிருக்கலாம். அக்டோபரில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் தெருவில் அது முற்றின வயது. காலையிலேயே ஏரிக்குப் போய்விட்டேன். ஐந்தரை மணி ஆகும்வரை வெயிலிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ தொட்டபோது கொதித்தது காய்ச்சல் இல்லை. தோல் வெயிலில் வெந்திருந்தது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு உன் சூப்பைக் குடித்தேன். நீ கரண்டியால் ஊட்டினாய்.

முப்பத்தொன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். அதைப் பற்றி நாங்கள் ஒரு தடவைகூடப் பேசவில்லை. இரேனா சின்னவளாக இருந்தபோது முற்றத்தில் அவளுக்குப் பந்து போட எடுத்தேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

பெயர்ப்பலகை கேட்டது ஏன் என்றால், நல்ல வரி ஒன்றைப் பெரிதாக எழுதி வைத்தால் அந்தப் பழைய வரி கண்ணில் படாது என்று நினைத்தேன். பதிவேடு எரிந்துபோயிருக்கும் என்றும் நினைத்தேன்.

பெயர் வேண்டாம் என்று பூங்கா அலுவலகத்துக்கு இன்று எழுதிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன், என் பங்கையும் சேர்த்து. இரேனாவிடம் சொன்னேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

அதேலா


சிகாகோ
16 மே 1988

அதேலா,

இனி உன்னை அண்ணி என்று எழுத மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். என் அம்மா அதட்டித்தான் அண்ணியாக்கினாள். அது முடிந்தது.

அந்தப் பீட்ரூட்டுக்கு நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். கரண்டியை ஊதி ஊதிக் கொடுத்தேன். உனக்கு நாக்கு சுடக்கூடாது என்று.

என் அண்ணன் செய்ததைக்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்வேன். அவன் தன்னை ஆம்பளைகளோடு சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று வாழ்நாள் முழுக்க வாசலில் நின்றவன். நீ எங்களில் ஒருத்தி. உன் பந்து வளைந்து வளைந்து மேலே போய் இறங்கும்போது நான் முதல் மூலையில் நின்று, 'நம்ம ஆளு' என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்று அலுவலகத்துக்குப் போனேன், மே டூலியோடு. உன் கடிதம் வந்திருந்தது. அந்தப் பெண் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"பேர் வைக்கிறதை நிறுத்திட்டோம், அம்மா. ஆனா பதிவேட்ல எழுதினதை மாத்த முடியாது. பக்கத்துல ஒரு விளக்கக் குறிப்பு வேணா வைக்கலாம். அழகா அச்சடிச்சு..."

"குறிப்பை நீயே வச்சுக்கோ" என்றேன். "எனக்கு மைதானம் வேணும். வியாழக்கிழமை. அஞ்சரைக்கு."

"அது ஆண்கள் லீக் நேரம்."

"தெரியும். அதுக்கு முன்னாடி யாரோட நேரம்னும் தெரியும்."

மே டூலி பையிலிருந்து கோப்பையை எடுத்து மேஜைமேல் டங்கென்று வைத்தாள். இரண்டு கவ்வி உள்ளேயே இருந்தது. "இதத் திருப்பி எடுத்துக்கோ. நாங்க இன்னும் ஜெயிக்கல. ஆட்டம் பாக்கி இருக்கு" என்றாள்.

காலை பத்து மணி தருகிறேன், வெயில் இருக்காது, நாற்காலி போடுகிறேன் என்றெல்லாம் அந்தப் பெண் சொன்னாள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. மூன்று மணி நேரம். கடைசியில் ஆண்கள் அணித் தலைவனைப் போனில் கூப்பிட்டார்கள். அவன் நேரிலேயே வந்தான். இளவட்டம், தோள் இரண்டும் கதவு மாதிரி.

"ஒரு நாள்தானே பாட்டி? பாவம், ஆசையா கேக்கறீங்க, ஆடிக்கோங்க" என்றான்.

"பாவம் பாக்காத. நகந்து நில்லு, அது போதும்" என்றேன்.

ஜூன் ஒன்பது, வியாழக்கிழமை, ஐந்தரை மணி. எங்கள் அணியில் உயிரோடு இருப்பது நாலு பேர். லூசியா கைத்தடியோடு வருகிறாள். நிற்பாளாம், ஓட மாட்டாளாம். மீதி இடங்களுக்குப் பேத்திகள். அவர்கள் யாருக்கும் பந்து போட வரவில்லை. வேகமாக எறிகிறார்கள், வளைக்கத் தெரியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு வந்துவிடாதே. மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் போவதில்லை. பத்தாவது ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

பிரோனியா


டூசான்
24 மே 1988

பிரோனியா,

மன்னிப்பு வேண்டும் என்று நான் எங்கே எழுதினேன்? என் கடிதத்தை இன்னொரு தடவை படி.

டாக்டர் கூடாது என்றார். "உங்க வயசுல கீழ விழுந்தா இடுப்பு போயிடும்" என்றார். "என் இடுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றேன். நாற்பது வருஷத்தில் ஒரு ஆம்பளைக்கு நான் சொன்ன முதல் பதில் என்று நினைக்கிறேன். பிறகு காரில் உட்கார்ந்து அதையே இன்னொரு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

இரேனா நேற்று பேசினாள். கோபம் தீரவில்லை. "அப்பாவோட பேரை எடுத்துட்டு அங்க போய் விளையாடப் போறியா? ஊர் சிரிக்காதா?" என்றாள். "சிரிக்கட்டும். நான் போகாத இடத்துக்குத்தான் போறேன்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, விமான நிலையத்துக்குத் தானே கொண்டுவிடுவதாகச் சொன்னாள். சிரிக்கவில்லை, ஆனால் சொன்னாள்.

இந்த ஊரில் நம் பந்து கிடைக்காது. நாலு நாளாக ஒரு முட்டைக்கோஸைப் பழைய துணியில் சுற்றித் தைத்து முற்றத்தில் போட்டுப் பழகுகிறேன். முதல் நாள் எட்டடி போயிற்று. இன்று வேலியைத் தொட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஏதாவது சாமி கும்பிடறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஏழாம் தேதி செவ்வாய் மதியம் இரண்டேகாலுக்கு வந்து இறங்குவேன். உன் வீட்டில் தங்க மாட்டேன். லூசியாவிடம் கேட்டிருக்கிறேன். நீ அழைக்க வரவும் வேண்டாம். பந்து போடத்தான் வருகிறேன்.

அதேலா


சிகாகோ
20 ஜூன் 1988

இயேசுவின் திருப்பெயர் போற்றப்படுக.

அதேலா, நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று லூசியா சொன்னாள். தோள் எப்படி இருக்கிறது? என் சுண்டு விரல் உடைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் அதனால்தான். இந்த வயதில் எப்படி உடைந்தது என்று கேட்டார். ஆட்டத்தில் என்றேன். நர்ஸைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

முதலில் இரேனாவுக்கு ஒரு செய்தி. அவள் அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. தந்தை என்ற வார்த்தையை மட்டும்தான் எடுக்கச் சொன்னேன். 'அணி மேனேஜர், 1941 முதல் 1946 வரை' என்று போட்டுவிட்டார்கள். அது உண்மை. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறான்.

நீ கிளம்பிய மறுநாள் மண்டபத்துக்குப் போனேன். அந்தப் பெண் பழைய பதிவேட்டிலேயே, கடைசியில் காலியாக இருந்த பக்கத்தில், எழுதியிருக்கிறாள். '9 ஜூன் 1988, வியாழன், மாலை 5.30. பெண்கள் இறுதி ஆட்டம், 1946. மிட்டாய்த் தொழிற்சாலை 11, வெள்ளைக் கழுகுகள் 4.' கண்ணாடிக்குள் இப்போது அந்தப் பக்கம்தான் திறந்திருக்கிறது. பழைய பக்கத்தைக் கிழிக்கட்டுமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "கிழிக்காத. யாராச்சும் கேட்டா ரெண்டையும் காட்டு" என்றேன்.

பக்கத்தில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "ஐயோ, பதினொண்ணு நாலா? செம அடி" என்றாள். தோற்றுப் போனோம் என்று எங்களைப் பற்றி ஒருத்தி சொல்லிக் கேட்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? நாங்கள் அங்கே இருந்திருந்தால்தானே தோற்க முடியும்?

கோப்பையை மே டூலி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். எதையோ வைத்துத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கியிருக்கிறாள். கவ்விகளை டப்பாவில் போட்டாயிற்று. பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று தடவை போன் பண்ணி அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டாள்.

இப்போது உன் விஷயம்.

முதல் ஐந்து சுற்று நீ போட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே போய், ஒரு கணம் நின்று, அந்தக் கதவுத் தோள் பையன்கள்கூட வேலியோரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அழகாக இறங்கிற்று. நாலுக்கு மூன்று என்று நாம்தான் முன்னால் இருந்தோம். லூசியா கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினாளே, அது உன் பந்தைப் பார்த்த தைரியத்தில்தான். நானும் முதல் மூலையில் நின்று பழைய மாதிரி ஏதோ நினைத்துக்கொண்டேன். என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன்.

ஆனால் ஆறாவது சுற்று. அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். மூன்று மூலையிலும் அவர்கள் ஆள். மட்டையைப் பிடித்து நிற்பது மே டூலி. நான் கத்தினேன்: "உள்பக்கம் போடாதடி, அவளுக்கு அதுதான் பிடிக்கும்!" நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். காதில் விழவில்லை என்று அப்புறம் சொன்னாய். விழுந்தது. தலையாட்டினாயே. தலையாட்டிவிட்டு நேராக உள்பக்கமே போட்டாய், அவள் வயிற்றுக்கு நேராக, தட்டில் வைத்துக் கொடுப்பது போல. பந்து மரத்துக்கு மேலே போய்விட்டது. அறுபத்தேழு வயதுக் கிழவி நாலு மூலையையும் நடந்தே சுற்றி வந்தாள், வழியில் என்னைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டு. அங்கே விழுந்தது ஆட்டம்.

ஏன் அப்படிப் போட்டாய்? எனக்குப் பதில் வேண்டும். எலுமிச்சை, வெயில், கால் வீக்கம் எதுவும் வேண்டாம்.

ஆகஸ்டில் இன்னொரு ஆட்டத்துக்கு மே ஒப்புக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமைதான். பையன்களிடம் இந்த முறை நான் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். வருவதானால் ஒரு வாரம் முன்னதாக வா. உனக்கும் பழக்கம் வேண்டும், பேத்திகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். லூசியா வீட்டில் படி ஏறுவது உனக்குக் கஷ்டம் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டில் கீழ் அறை காலியாகத்தான் கிடக்கிறது. அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

நாற்பத்தாறு ஆகஸ்டுக்கு உன்னை மன்னிக்கவில்லை என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன். அந்த ஆறாவது சுற்றுக்கும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் இரண்டில் எது என்னை இரவில் புரட்டிப் போடுகிறது என்று கேட்டால், சத்தியமாக, அந்தப் பந்துதான்.

இரேனாவுக்கு என் முத்தம். உடனே பதில் போடு.

பிரோனியா
முதல் மூலை